மூன்றும் ஒன்றில் என்று நீட்டும் பாலிசியில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 32. மனைவி வேலையை விட்டுவிட்டு ஒன்றரை வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக் கடன் இன்னும் 18 ஆண்டுகள் பாக்கி. ஆயுள் காப்பீடு, தீவிர நோய்க் காப்பீடு, சேமிப்பு மூன்றும் சேர்ந்த ஒரே பாலிசியை எடுக்கச் சொல்கிறார், தெரிந்த ஏஜென்ட் ஒருவர். கட்டிய பணம் கடைசியில் திரும்ப வந்துவிடுமாம். ஏற்கெனவே உள்ள சிறிய டேர்ம் பாலிசியை (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) நிறுத்திவிட்டு இதற்கு மாறச் சொல்கிறார். என் அப்பாவுக்கு 51 வயதில் மாரடைப்பு வந்தது, நானும் எப்போதாவது புகைப்பேன். படிவத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறேன், கையெழுத்து மட்டும் போதும் என்கிறார். எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். எந்த பாலிசி நல்லது என்பதைப் பிறகு பார்க்கலாம், முதலில் அந்தப் படிவத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

அந்தப் படிவத்தில் நீங்கள் சொல்வதை நம்பித்தான் நிறுவனம் உங்களுக்குக் காப்பீடே தருகிறது. அதில் 'புகைப்பழக்கம் உண்டா', 'பெற்றோருக்கு இதய நோய் உண்டா' என்று கேட்டிருக்கும் இடத்திலெல்லாம் வேறொருவர் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டால் பாலிசி சீக்கிரம் கிடைக்கும், பிரீமியமும் குறையும், அவருக்குக் கமிஷனும் வந்துவிடும். கிளைம், அதாவது காப்பீட்டுப் பணம் கேட்க வேண்டிய நிலை, எப்போது வேண்டுமானாலும் வரலாம், அப்போது அவர் இந்தத் தொழிலில் இருப்பாரா என்பதே தெரியாது. ஆனால் நீங்கள் எந்த மருத்துவரிடமோ 'எப்போதாவது சிகரெட் பிடிப்பேன்' என்று சொன்னது மருத்துவமனைக் குறிப்பில் அப்படியே இருக்கும், நிறுவனம் அதைத்தான் வரவழைத்துப் பார்க்கும். தகவலை மறைத்ததாகச் சொல்லி கிளைமை மறுத்துவிட்டால், கைக்குழந்தையோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கப் போவது உங்கள் மனைவி. ஏஜென்டிடம் வாயால் சொன்னேன் என்பது அங்கே எடுபடுவது கஷ்டம், படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. நிரப்பாத படிவத்தில் கையெழுத்து வாங்கும் இந்தப் பழக்கத்தை ஏன் இன்னும் யாரும் ஒழித்துக்கட்டவில்லை என்று எனக்குக் கோபம்தான் வருகிறது, எல்லாருக்கும் தெரிந்தே நடக்கிற காரியம் இது.

அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் நீங்களே உட்கார்ந்து பதில் எழுதுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் கடந்த 12 மாதங்களில் புகையிலையைத் தொட்டிருந்தாலே புகைப்பவர் என்றுதான் கணக்கில் எடுக்கும், 'எப்போதாவது' என்பதற்குத் தனிக் கட்டம் கிடையாது. அப்பாவின் மாரடைப்பையும் எழுதுங்கள், அவருக்கு அப்போது என்ன வயது என்பதோடு. பிரீமியம் கூடலாம், கூடட்டும். நிரப்பிய படிவத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த மூன்று-ஒன்றில் பாலிசி. நீங்கள் கட்டும் பிரீமியத்தில் பெரும்பகுதி சேமிப்புப் பக்கம் போய்விடும், மிச்சத்தில் கிடைக்கும் காப்பீட்டுத் தொகை உங்கள் குடும்பத்துக்குச் சில ஆண்டுகள்கூடத் தாங்காது. டேர்ம் பாலிசியில் உயிரோடு இருந்தால் ஒரு பைசா திரும்ப வராது, அதனால்தான் அதே பிரீமியத்துக்குப் பல மடங்கு தொகை கிடைக்கிறது. கட்டின பணம் வீணாகப் போய்விடுமே என்று எல்லாரும் தயங்குகிறார்கள், விற்பவர்கள் தட்டுவது சரியாக அந்த இடத்தில்தான். திரும்ப வரும் என்று சொல்லப்படும் தொகைக்கு அன்றைய விலைவாசியில் என்ன மதிப்பு இருக்கும் என்று அவரையே கேளுங்கள். முதல் ஆண்டுப் பிரீமியத்தில் தனக்கு எவ்வளவு வரும் என்றும் கேளுங்கள், இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது? குழந்தை சொந்தக் காலில் நிற்க இன்னும் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஓராண்டு வீட்டுச் செலவை அத்தனை ஆண்டுகளால் பெருக்கி, கடன் பாக்கியைக் கூட்டி, கையில் இருக்கும் சேமிப்பைக் கழியுங்கள். வரும் எண் பெரிதாக இருக்கும், பயப்படாதீர்கள், 32 வயதில் டேர்ம் பாலிசியில் அது எட்டக்கூடியதுதான். வங்கி கடனோடு சேர்த்து விற்கும் காப்பீட்டை இதற்குப் பதிலாக நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அது கடன் குறையக் குறையத் தானும் குறையும், பணமும் வங்கிக்குத்தான் போகும். உங்கள் மனைவிக்கும் தனியாக ஒரு டேர்ம் பாலிசி எடுங்கள். சம்பளம் இல்லாதவருக்கு எதற்கு என்பார்கள், அவர் இல்லாமல் போனால் குழந்தையை யார் பார்ப்பார்கள், அதற்கு எவ்வளவு ஆகும் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

அப்புறம் தீவிர நோய்க் காப்பீடு, அதாவது பட்டியலில் உள்ள பெரிய நோய் வந்தால் மொத்தமாக ஒரு தொகை தருவது. 1983இல் தென்னாப்பிரிக்காவில் இதைத் தொடங்கிவைத்தவர் மாரியஸ் பர்னார்ட் என்ற இதய அறுவை மருத்துவர். உயிர் பிழைத்த நோயாளிகள் வேலைக்குப் போக முடியாமல் பணமில்லாமல் நொடிந்து போவதைப் பார்த்துத்தான் இந்த யோசனை அவருக்கு வந்தது. ஆகவே இந்தப் பணம் மருத்துவமனைக் கட்டணத்துக்கானது என்று நினைக்காதீர்கள், அதற்கு மருத்துவக் காப்பீடு தனியாக இருக்க வேண்டும். நீங்கள் சம்பாதிக்க முடியாத இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வீடு ஓடவும் கடன் தவணை நிற்காமல் இருக்கவும் வேண்டியது இது, அந்தக் கணக்குக்கே எடுங்கள். எத்தனை நோய்கள் பட்டியலில் இருக்கின்றன என்று பார்த்து மயங்காதீர்கள். புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றுக்கும் என்ன விளக்கம் எழுதியிருக்கிறார்கள் என்பதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். பரவத் தொடங்காத ஆரம்பநிலைப் புற்றுநோய்க்கு முழுத் தொகை தர மாட்டார்கள், பக்கவாதம் என்றால் நிரந்தரப் பாதிப்பு இருக்க வேண்டும் என்பார்கள்.

இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பவர்கள் இதை வாயே திறப்பதில்லை. ஆயுள் காப்பீட்டோடு ஒட்டி வரும் தீவிர நோய் ரைடர், அதாவது அதோடு சேர்த்து எடுக்கும் இணைப்புக் காப்பீடு, இரண்டு வகை. ஒன்று, ஆயுள் காப்பீட்டுத் தொகையிலிருந்தே முன்கூட்டி எடுத்துத் தருவது. மற்றது, அதைத் தொடாமல் கூடுதலாகத் தருவது. முதல் வகையில் ஆயுளுக்கு 100 பங்கு, நோய்க்கு 40 பங்கு என்று எடுத்திருந்தால், நோய் வந்ததும் 40 பங்கைக் கையில் கொடுத்துவிட்டு ஆயுள் காப்பீட்டை 60 ஆகக் குறைத்துவிடுவார்கள். மாரடைப்பு வந்த மனிதருக்குப் புதிதாக ஆயுள் காப்பீடு கிடைப்பது குதிரைக்கொம்பு, கிடைத்தாலும் பிரீமியம் கட்டி மாளாது. அதாவது குடும்பத்துக்குக் காப்பீடு அதிகம் தேவைப்படும் நேரத்தில் அது சுருங்கிப்போய் நிற்கும். நோய்க்கும் 100 பங்கே எடுத்திருந்தால் பாலிசியே முடிந்துவிடும். இந்த வகை விலை குறைவு என்பதால் 'இலவசம் மாதிரி' என்று சொல்லி விற்பார்கள். நீங்கள் கூடுதலாகத் தரும் வகையைக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் தீவிர நோய்க்குத் தனி பாலிசியே எடுங்கள். எது என்பதை ஏஜென்டின் வாய்வார்த்தையில் விடாமல் எழுத்தில் வாங்குங்கள்.

எடுத்த முதல் சில மாதங்களில் வரும் நோய்க்குப் பணம் கிடைக்காது என்பதையும், நோய் உறுதியான பிறகு குறிப்பிட்ட நாட்கள் உயிரோடு இருந்தால்தான் பல பாலிசிகள் பணம் தரும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பிரீமியம் கடைசி வரை மாறாததா, இடையில் உயர்த்துவார்களா என்று கேட்கவும் மறக்க வேண்டாம். நாமினியாக மனைவியைப் போடுங்கள். குழந்தையைப் போட்டால் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் காப்பாளர் யார் என்றும் எழுத வேண்டிவரும்.

உங்கள் பழைய பாலிசியை இப்போது தொடவே தொடாதீர்கள். அதை நிறுத்திவிட்ட பிறகு புதிய இடத்தில் மருத்துவப் பரிசோதனையில் ஏதாவது வந்து மறுத்துவிட்டால் இரண்டும் இல்லாமல் நிற்பீர்கள். புதிய பாலிசியின் ஆவணம் கைக்கு வந்து, அதில் புகைப்பழக்கமும் அப்பாவின் மாரடைப்பும் நீங்கள் எழுதியபடியே இருக்கின்றன என்று பார்த்த பிறகு, பழையதை வைத்துக்கொள்வதா விடுவதா என்று யோசிக்கலாம். அதுவும் டேர்ம்தான் என்கிறீர்கள், பிரீமியமும் சுமையாக இல்லை என்றால் அப்படியே ஓடட்டும்.