ஒற்றைத் தலைவலிக்கு மூலிகை: டப்பாவில் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: துபாயிலிருந்து காக்கா (அண்ணன்) இரண்டு டப்பா கொடுத்தனுப்பியிருக்கிறார். ஒன்று பட்டர்பர், இன்னொன்று ஃபீவர்ஃபியூ. ஒற்றைத் தலைவலி வராமலே தடுக்குமாம். எனக்கு மாதம் நாலைந்து தடவை வருகிறது. சாப்பிடலாமா?
- வாசகி, கீழக்கரை

பதில்: பட்டர்பர் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். ஒரு காலத்தில் அதற்கு நல்ல பேர்தான். 75 மில்லிகிராம் சாறு இருவேளை கொடுத்துப் பார்த்த ஆய்வை வைத்து, அமெரிக்க நரம்பியல் அகாடமி 2012-இல் அதைப் பரிந்துரைத்தது. கல்லீரல் பாதிப்புக் கவலையால் 2015-இல் அந்தப் பரிந்துரையை விலக்கிக்கொண்டது. பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற கல்லீரல் நஞ்சு இந்தச் செடியிலேயே உண்டு. அதை நீக்கிவிட்டோம் என்று லேபிளில் போட்டிருந்தாலும் நம்பி விழுங்காதீர்கள். ஏற்கெனவே சில நாள் சாப்பிட்டிருந்து, கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ தாமதிக்காமல் கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

ஃபீவர்ஃபியூவில் அவ்வளவு ஆபத்தில்லை, பலனும் அவ்வளவு இல்லை. 218 பேரை வைத்துச் செய்த ஆய்வில், மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட ஃபீவர்ஃபியூ சாப்பிட்டவர்களுக்கு மாதம் 0.6 தாக்குதல்தான் கூடுதலாகக் குறைந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு தலைவலி மிச்சம், அவ்வளவே. அதுவும் தனி முறையில் எடுத்த சாறு. உங்கள் டப்பாவில் இருப்பது வெறும் இலைத்தூள் என்றால் அந்தக் கணக்கு பொருந்தாது. ஆகவே இலைத்தூளா சாறா, மாத்திரைக்கு எத்தனை மில்லிகிராம், பார்த்தினோலைடு (இந்தச் செடியில் உள்ள முக்கிய வேதிப்பொருள்) எத்தனை சதவீதம் என்று பாருங்கள். இந்த மூன்றும் இல்லாத டப்பா வீண் காசு.

கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், சாமந்தி ஒத்துக்கொள்ளாதவர்கள் ஃபீவர்ஃபியூவைத் தொடக் கூடாது. பல மாதம் எடுத்துவிட்டுச் சட்டென நிறுத்தினால் தலைவலி திரும்பலாம், படிப்படியாகக் குறையுங்கள். (பார்த்தினோலைடு என்ற பேரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், ரோட்டோரத்தில் முளைக்கிற பார்த்தீனியம் வேறு செடி. தொட்டாலே அரிக்கும். பறித்து மென்றுவிடாதீர்கள்!)

கேள்வி: கடல்பாசி எடுக்கப் போகிற என் மதினிக்கு ஆன்லைனில் 1,450 ரூபாய்க்கு மூலிகைச் சூரணம் வாங்கினோம். மூன்றாம் நாளே வலி நின்றது. ஒருநாள் விட்டாலும் திரும்ப வருகிறது. பாக்கெட்டில் கம்பெனி பேரைத் தவிர ஒன்றுமில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?
- வாசகர், பாம்பன்

பதில்: மூன்றாம் நாளே வலி நின்றதுதான் சந்தேகத்துக்கு இடம். தடுப்பு மருந்துக்குப் பொதுவாகப் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். உடனே வலியை நிறுத்துகிற, பேர் தெரியாத தூளில் வலி மாத்திரையோ ஸ்டீராய்டோ கலந்திருக்கலாம். வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளுக்கு மேல், மூன்று மாதத்துக்கும் மேலாகத் தொடர்ந்தால் அதுவே தினசரித் தலைவலியைக் கிளப்பிவிடும். பல வாரம் சாப்பிட்டிருந்தால் திடீரென நிறுத்தாமல், பாக்கெட்டோடு மருத்துவரைப் பாருங்கள். ஸ்டீராய்டு இருந்தால் சட்டென நிறுத்துவதும் ஆபத்து.

சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, சேர்மானம் எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். சத்துப்பொருள் என்று விற்றால் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் வேண்டும்.

மீதித் தூளைக் கொட்டாதீர்கள், அதுதான் சாட்சி. பில், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டோடு விற்ற தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போடுங்கள். அடுத்து ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரானாலும் நீங்கள் இருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். வாங்கிய பொருள் 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமில்லை. கெடு இரண்டு வருடம்.

மதினி காலையில் வெறும் வயிற்றோடு கடலில் இறங்குகிறாரா? பட்டினி, தண்ணீர் குறைவு, தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெயில், மூன்றுமே தாக்குதலைத் தூண்டும். இறங்குமுன் கஞ்சியாவது குடிக்கட்டும். வலி வந்த தேதி, எத்தனை மணி நேரம், என்ன மாத்திரை என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் மருத்துவருக்கு உதவும். கை கால் மரத்தாலோ, இதுவரை வராத அளவுக்குத் திடீரென மண்டை பிளந்தாலோ உடனே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.