மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஜெர்மனியில் டேட்டா சயின்ஸ்: இடம் கிடைக்குமா?

கேள்வி: கோவையில் பி.இ. மெக்கானிக்கல் கடைசி ஆண்டு படிக்கிறேன். சி.ஜி.பி.ஏ. 7.8. ஜெர்மனியில் கட்டணமில்லாத அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். டேட்டா சயின்ஸ் படிக்க ஆசை. இடம் கிடைக்குமா? வேறு எந்தப் படிப்புகள் பொருந்தும்?

பதில்: உங்களுக்குத் தடையாக வரக்கூடியது மதிப்பெண் அல்ல, நீங்கள் படித்த பாடங்கள். இளநிலையில் எந்தத் துறைப் பாடத்தை எவ்வளவு படித்தீர்கள் என்பதைத்தான் ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் முதலில் பார்க்கும். அந்த அளவை ஈ.சி.டி.எஸ். (ECTS) என்ற ஐரோப்பிய கிரெடிட் முறையின் புள்ளிகளில் சொல்வார்கள். ஓராண்டு முழுநேரப் படிப்புக்கு 60 புள்ளி என்பதால், நான்கு ஆண்டு பி.இ. 240 புள்ளியாகக் கணக்காகும்.

உங்கள் பட்டத்தின் மொத்த கிரெடிட் 160 என்று வைத்துக்கொள்வோம். 240ஐ 160ஆல் வகுத்தால் ஒரு கிரெடிட்டுக்கு 1.5 புள்ளி. தலா 4 கிரெடிட்டில் மூன்று கணிதத் தாள்கள் இருந்தால் 18 புள்ளி தேறும். பைத்தான் தாள் 3 கிரெடிட் என்றால் 4.5 புள்ளிதான். ஒரு டேட்டா சயின்ஸ் படிப்பு கணினி அறிவியலில் மட்டும் 30 புள்ளி கேட்கிறது என்றால், உங்கள் விண்ணப்பம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். இணையத்தில் வாங்கிய சான்றிதழ்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. ஆகவே, படிப்பின் அறிமுகப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், சேர்க்கை விதிமுறைக் கோப்பைத் தேடி எடுங்கள். பல இடங்களில் அது ஜெர்மன் மொழியில் மட்டுமே இருக்கும், மொழிபெயர்த்தாவது படித்துவிடுங்கள்.

மதிப்பெண்ணை 'பவேரிய சூத்திரம்' கொண்டு மாற்றுவார்கள். உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, 3ஆல் பெருக்கி, உச்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 1 கூட்ட வேண்டும். ஜெர்மனியில் 1.0தான் மிகச் சிறந்தது. தேர்ச்சிக்கான கடைசி கிரேடுக்கு 5 புள்ளி என்றால் உங்கள் 7.8, 2.32 ஆகும். அதுவே 6 புள்ளி என்றால் 2.65 ஆகிவிடும். 2.5க்கு மேல் போனால் விண்ணப்பத்தையே ஏற்காத படிப்புகள் பல உண்டு என்பதால், மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் கிரேடு அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

உங்கள் பாடங்களுக்கு இயல்பாகப் பொருந்தும் ஆங்கிலவழிப் படிப்புகள் இருக்கின்றன. போஹும் (Bochum) நகரின் ரூர் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டேஷனல் இன்ஜினியரிங், ஸ்டுட்கார்ட்டில் பொருட்கள், கட்டமைப்புகள் சார்ந்த கம்ப்யூட்டேஷனல் மெக்கானிக்ஸ், கெம்னிட்ஸில் அட்வான்ஸ்டு மேனுஃபேக்சரிங், ஹாம்பர்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மெக்கட்ரானிக்ஸ் ஆகியவை சில. தரவு, நிரல் எழுதுவது ஆகியவற்றில்தான் உங்கள் ஆர்வம் என்றால் முதல் இரண்டும் நல்ல பாதை என்பது எங்கள் கருத்து. இயந்திரவியல் அடித்தளமும் வீணாகாது.

ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி.யின் (DAAD) தளத்தில் படிப்புகளைத் தேடும்போது பயிற்றுமொழி 'ஆங்கிலம்' மட்டும்தானா என்று கவனியுங்கள். 'ஜெர்மன், ஆங்கிலம்' என்றிருந்தால் சில தாள்கள் ஜெர்மன் மொழியில் இருக்கும்; அதற்கான மொழிச் சான்றையும் கேட்பார்கள்.

'கட்டணமில்லை' என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்கால செமஸ்டரிலிருந்து அவர்களிடம் முதுநிலைக்குச் செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. கட்டணமே இல்லாத இடங்களிலும் செமஸ்டர் பங்களிப்புத் தொகை உண்டு. விசாவுக்கு, மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் (blocked account) ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். அங்கே போனபின் மாதம் 992 யூரோ வீதம் எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் பணத்தைப் பற்றிப் பேசும்போது இந்தத் தொகையிலிருந்து தொடங்குங்கள்.

ஆங்கிலவழி முதுநிலைப் படிப்புகள் பல அக்டோபரில் மட்டுமே தொடங்குகின்றன. ஜூலை 15 என்பது பொதுவான கடைசி நாள் என்றாலும், வெளிநாட்டு மாணவர்களுக்குப் பல படிப்புகள் அதற்குப் பல வாரங்கள் முன்பே மூடிவிடும். பல பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் (uni-assist) அமைப்பு வழியாக விண்ணப்பித்தால் முதல் படிப்புக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. ஆவணங்களைச் சரிபார்க்க அவர்களுக்கே சில வாரங்கள் பிடிக்கும். கடைசி நாளில் அனுப்பி, ஓர் ஆவணம் குறைந்தால் திருத்த நேரம் இருக்காது. இந்திய மாணவர்களின் விசாவுக்கு 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். (APS) சான்று, அதாவது உங்கள் கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் சான்று, கட்டாயம்; பல பல்கலைக்கழகங்கள் அதை விண்ணப்பத்தோடே கேட்கின்றன. அதன் கட்டணம் 18,000 ரூபாய்.

இப்போதே கல்லூரியில் முழுப் பாடத்திட்டத்தின் நகலை முத்திரையோடு வாங்கி வையுங்கள். தாளின் பெயரை வைத்து மட்டும் உள்ளடக்கத்தை அங்கிருப்பவர்களால் கணிக்க முடியாது. விதிமுறை கேட்கும் துறை ஒருபுறம். அதற்கு ஈடான உங்கள் தாள், கிரெடிட், பாடத்திட்டத்தின் பக்க எண் மறுபுறம் என்று ஒரு பக்க அட்டவணை போடுங்கள். சில பல்கலைக்கழகங்கள் இதற்கென்றே படிவம் வைத்திருக்கும். அங்கே அந்தப் படிவத்தையே நிரப்புங்கள்.