பான்ல மட்டும் எரியுது, குண்டு கிளம்பல (அணில் வேட்டை, ஃப்ளின்ட்லாக், அதாவது சிக்கிமுக்கி கல் பொறியால சுடுற பழைய மாதிரி துப்பாக்கி)

பென்சில்வேனியா காட்டுல விடியக்காலம் ஹிக்கரி மரத்தடில உக்காந்து, அணில் வாகா வந்தப்ப ட்ரிக்கர இழுத்தா பான்ல (குழல் பக்கவாட்டுல பத்தவைக்கிற வெடிமருந்து போடுற சின்ன தட்டு) புஸ்ஸுனு எரிஞ்சிட்டு .32 காலிபர் குழல் கம்முனு கிடக்குன்னு எழுதிருக்கீங்க. தீப்பொறி வருது, பான் மருந்தும் பத்துதுன்னா புது ஃப்ளின்ட் (பொறி தர்ற கல்லு) வாங்கி காச கரியாக்காதீங்க, கோளாறு டச் ஹோல்லயோ (பான்லேர்ந்து குழலுக்குள்ள நெருப்பு போற சின்ன ஓட்டை) அதுக்கு உள்ள இருக்குற மருந்துலயோதான் இருக்கணும்.

போன சீசன் முடிஞ்சு குழலுக்கு எண்ணெய் போட்டு வெச்சீங்களா? அது இறங்கி அடில தேங்கிடும், அது மேல மருந்து கொட்டினா எங்க பத்தும்? ஆல்கஹால்ல நனைச்ச துணி, அப்புறம் காஞ்ச துணி விட்டு நல்லா தொடைங்க. லோட் பண்றப்ப டச் ஹோல்ல மெல்லிசா ஒரு பித்தளை கம்பிய சொருகி வெச்சு, குண்ட இறக்கினதும் உருவிடுங்க, நெருப்பு போக மருந்துக்குள்ள வழி கிடைக்கும்.

பான்ல 4எஃப் மருந்த (ரொம்ப பொடியான கருமருந்து) ரொம்பி வழிய போடுறது நிறைய பேர் பண்றதுதான், ஆனா ஓட்டைய மூடிட்டா அது திரி மாதிரி மெதுவா எரிஞ்சுதான் உள்ள போகும், அதுக்குள்ள அணில் அடுத்த மரத்துக்கு போயிருக்கும். ஓட்டைக்கு கீழயே நிறுத்துங்க. பனில பான் மருந்து நமுத்தும் போகும், அப்பப்ப கொட்டிட்டு புதுசு போடுங்க, லாக்குக்கு (கல்லும் பானும் இருக்குற சுடுற அமைப்பு) மேல மெழுகு தடவின தோல் மூடி ஒண்ணு கட்டிக்கோங்க.

சுடலன்னா உடனே திருப்பி பாக்காதீங்க, ஒரு நிமிஷமாவது குழல ஆளில்லாத பக்கமா பிடிச்சிருங்க, லேட்டா வெடிக்கலாம். கூட வர்றவர வலது பக்கம் நிக்க விடாதீங்க, அந்த ஓட்டைலேர்ந்து நெருப்பு பக்கவாட்டுல பீச்சும்.