காட்டு வீட்டுப் பெண்ணுக்கு என்ன தெரியும்?

அன்புள்ள சார்,

நான் பள்ளி ஆசிரியை. சிறார்களுக்காக ஒரு மர்ம நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அமேசான் காட்டுக்குள் தன்னந்தனியாக ஒரு ஆராய்ச்சி வீடு. விஞ்ஞானியான அப்பா ஒரு நாள் காணாமல் போகிறார். அங்கேயே வளர்ந்த பதினான்கு வயது மகள் தாரா அவரைத் தேடிப் போகிறாள். வழியில் அனகோண்டா, பிரானா மீன்கள், விஷ அம்பு எய்யும் காட்டுவாசிகள். கடைசியில் வீட்டு நிலவறையில் ஒரு வரைபடம் கிடைக்கிறது. நான் அந்தக் காட்டைப் பார்த்ததே இல்லை. பார்க்காத இடத்தைப் பற்றி எழுதலாமா? எத்தனை அத்தியாயம் வைக்கலாம்? ஒரு பேயையும் சேர்க்கலாமா என்று யோசனை. முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அத்தியாயக் கணக்கை எழுதி முடித்தபின் பார்த்துக்கொள்ளலாம். பேய் வேண்டாம். பார்க்காத இடத்தை எழுதலாமா என்ற கேள்விக்கு வருகிறேன், அதற்கு முன்னால் தாராவைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஏனென்றால் சமீபத்தில் என் கைக்கு வருகிற சிறார் கதைகளில் எல்லாம் இந்தப் பிள்ளையைத்தான் பார்க்கிறேன். பிறந்ததிலிருந்து காட்டில் வளர்ந்தவள் என்று முதல் பக்கத்தில் சொல்லிவிடுகிறார்கள். இரண்டாம் பக்கத்திலிருந்து நேற்று பஸ்ஸைவிட்டு இறங்கியவளைப்போல எல்லாவற்றையும் பார்த்து மிரளுகிறாள்.

நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "இருட்டில் ஏதோ ஒரு பறவை அலறியது." அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு அது எப்படி ஏதோ ஒரு பறவையாகும்? என் அப்பத்தா நாய் குரைக்கிற விதத்தை வைத்தே வாசலில் நிற்பது சொந்தமா, வேற்றாளா, பாம்பா என்று அடுப்படியிலிருந்து சொல்லிவிடும். ஒரு இடத்தில் வாழ்வது என்றால் அதுதானே?

ஜூலியானே கோப்கே என்ற பெண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் கற்பனை செய்திருக்கிற வீடு நிஜமாகவே இருந்தது. பெரு நாட்டின் மழைக்காட்டில், யுயாபிச்சிஸ் ஆற்றங்கரையில், 1968இல் அவளுடைய அப்பா அம்மா அமைத்த ஆராய்ச்சி நிலையம். பெயர் பங்குவானா, அதுவே அங்குள்ள ஒரு பறவையின் பெயர். அப்பா விலங்கியலாளர், அம்மா பறவையியலாளர். தூண்கள்மேல் கட்டி ஓலை வேய்ந்த வீடு. அங்கே போகும்போது அவளுக்கு 14 வயது.

1971 டிசம்பர் 24 அன்று லிமாவிலிருந்து அம்மாவும் மகளும் ஏறிய விமானம் இடியும் மின்னலுமான மேகத்துக்குள் புகுந்து நடுவானில் சிதறியது. விமானத்தில் இருந்த 92 பேரில் பிழைத்தது 17 வயது ஜூலியானே மட்டும்தான். இருக்கையோடு கட்டுண்டபடி ஏறத்தாழ 3000 மீட்டர் உயரத்திலிருந்து காட்டுக்குள் விழுந்திருக்கிறாள். காரை எலும்பு முறிவு, கையில் வெட்டுக்காயம், மூக்குக்கண்ணாடி போய்விட்டது, காலில் ஒற்றைச் செருப்பு. 11 நாள் நடந்தாள்.

அந்த 11 நாளைத்தான் நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும். சின்னதாக ஒரு ஓடையைப் பார்த்ததும், தண்ணீர் போகும் பக்கமாகவே போனால் மனிதர்கள் இருக்கும் இடம் வரும் என்று அப்பா சொன்னது நினைவுக்கு வருகிறது. நான்காம் நாள் ஒரு பெரிய பிணந்தின்னிக் கழுகு இறங்கும் சிறகோசை கேட்கிறது, பங்குவானாவில் கேட்டுப் பழகிய ஓசை என்பதால் அருகில் சடலங்கள் இருக்கும் என்று தெரிந்துவிடுகிறது. மண்ணில் தலைகுப்புறப் புதைந்த ஒரு பெண்ணின் கால்விரல் நகங்களைப் பார்க்கிறாள். சாயம் பூசியிருக்கிறது. அம்மா பூச மாட்டார். அப்புறம் ஹோட்சின் என்ற பறவையின் குரல்; அது திறந்த நீர்ப்பரப்பை ஒட்டி வாழ்வது, ஆகவே பெரிய ஆறு பக்கத்தில்தான். பிரானாக்களைப் பற்றியும் அவளுக்குத் தெரியும், ஆழமற்ற இடத்தில்தான் ஆபத்து என்று நட்டாற்றில் மிதந்து போகிறாள். கடைசியில் ஒரு படகும் ஆளில்லாத குடிசையும். கையிலிருந்த காயத்தில் புழு வைத்துவிட்டது. வீட்டு நாய்க்கு இப்படி ஆனபோது அப்பா மண்ணெண்ணெய் ஊற்றியது ஞாபகம் வந்து, அங்கிருந்த பெட்ரோலை உறிஞ்சி எடுத்துக் காயத்தில் ஊற்றுகிறாள். முப்பது புழுக்கள் போல வெளியே எடுத்திருக்கிறாள். படகை மட்டும் எடுக்கவில்லை. அது திருட்டாகிவிடும் என்று நினைத்தாளாம். அந்த நிலைமையில்! இதை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இதில் ஒன்றாவது மர்மக்கதைக்குரிய துப்பு இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம். ஒவ்வொன்றும் அந்த வீட்டில், சாதாரண நாளில், யாரும் பாடம் என்று சொல்லாமல் அவள் காதிலும் கண்ணிலும் விழுந்தது. தாராவுக்கு நீங்கள் வீட்டைக் கொடுத்தீர்கள், அந்த வீட்டின் ஒரு நாளைக்கூடக் கொடுக்கவில்லை. அப்பா காணவில்லை என்றால் அவள் முதலில் படகுத்துறைக்குத்தானே ஓடுவாள்? இரவு ஆறு ஏறி இறங்கிய கோடு கரைச்சேற்றில் இருக்கும். அப்பாவின் காலடி அந்தக் கோட்டுக்குக் கீழே கலையாமல் இருந்தால் வெள்ளம் வடிந்த பிறகு போயிருக்கிறார், கரைந்திருந்தால் அதற்கு முன்பே. இதைக் கண்டுபிடிக்க வரைபடம் எதற்கு? ஆறு கரை புரளும் இடத்தில் நிலவறை தோண்டினால் தண்ணீர்தான் நிற்கும். வீட்டைத் தூண்மேல் கட்டுகிறவர்கள் வேறு எதற்காகக் கட்டுகிறார்கள்?

இன்னொன்று, இதைக் கோபமாகவே சொல்கிறேன். அந்த அம்பு எய்யும் ஆட்களை எடுத்துவிடுங்கள். ஜூலியானேயைக் காப்பாற்றியது அந்தக் காட்டில் வேலை செய்த மனிதர்கள்தான். குடிசைக்குத் திரும்பியவர்கள் அவளை முதலில் ஏதோ நீர்த்தெய்வம் என்று நினைத்துத் திகைத்துவிட்டு, அப்புறம் காயத்துக்கு மருந்திட்டு, சாப்பாடு கொடுத்து, மறுநாள் படகில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். நீங்கள் ஆசிரியை. உங்கள் வகுப்புப் பிள்ளைகள், காட்டில் இருப்பவன் என்றாலே கொலைகாரன் என்று படித்துவிட்டுப் போக வேண்டுமா?

பார்க்காத இடத்தை எழுதலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக எழுதலாம். ஆனால் அந்த வீட்டில் விறகு எங்கே காய்கிறது, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, மழை வலுத்தால் எந்தப் பொருளை முதலில் உயரத்தில் தூக்கி வைக்கிறார்கள் என்று தெரியாமல் எழுதாதீர்கள். உங்களுக்கு உரையாடல் நன்றாக வருகிறது, அப்பாவும் மகளும் ரேடியோவுக்காகச் சண்டை போடுகிற இடத்தை நான் இரண்டு முறை வாசித்தேன். அதை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டாம் அத்தியாயத்தை மட்டும் திரும்ப எழுதி அனுப்புங்கள். அந்தப் பறவை எது என்று தாரா சொல்லட்டும், மீதியை அதற்குப் பிறகு பேசலாம்.