அண்டை ஆப்பிரிக்க நாடுகளுக்கிடையே வணிகம் மறுபடி துளிர்க்க வர்த்தகக் கண்காட்சிகள் உதவுமா, இல்லை வெறும் பந்தாவா?

உதவும். அந்தப் 'பந்தா' உறுத்தியதால்தான் எழுத உட்கார்ந்தேன். அமைச்சர் ரிப்பன் வெட்டுவதையும் ஒப்பந்தக் கோப்புகளை மாற்றிக்கொண்டு போட்டோவுக்கு நிற்பதையும் செய்தியில் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் தான்சானியாவின் தார் எஸ் சலாமில் பாக்கெட் சீல் செய்யும் மெஷின் விற்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை நடுவரை கில்வா சாலையில் நடக்கும் சபாசபா என்ற சர்வதேச வர்த்தகக் கண்காட்சியில் எங்கள் ஸ்டாலைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

ஒரு வருடம் விக்டோரியா ஏரியின் தான்சானியக் கரையில் இருக்கும் முவான்சாவிலிருந்து ஓர் அம்மா அரை மூட்டை டகாவோடு எங்கள் மெஷினைப் பார்க்க வந்தார். டகா என்பது அந்த ஏரியில் பிடித்து உலர்த்தும் பொடிமீன், பார்க்க நம் நெத்திலிக் கருவாடு போலவே இருக்கும். அதே நேரம் ஏரியின் கென்யக் கரையில் உள்ள கிசுமுவிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் எங்களிடம் பாக்கெட் கவர் விலை விசாரித்துக்கொண்டிருந்தார். மூட்டையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்து நன்றாகத் தேய்த்தார், கையை விரித்து வெளிச்சத்தில் பார்த்தார், அப்புறம் இரண்டு மீனை வாயில் போட்டு மென்றார். மணல் இருக்கிறதா என்று பார்க்கிறார். கரை மணலில் காயப்போட்ட மீன் பல்லில் நறநறக்கும், வலைத் தட்டில் காயவைத்ததற்குத்தான் நல்ல விலை. இதைப் போனிலோ வாட்ஸ்அப் படத்திலோ சோதிக்க முடியுமா? எங்கள் மேஜையிலேயே ஸ்வாஹிலியில் பேரம் பேசி முடித்தார்கள். ஒரே ஏரியின் இரண்டு கரையில் இருப்பவர்கள், ஒருவரை ஒருவர் சந்திக்க இந்தியப் பெருங்கடல் வரை வர வேண்டியிருந்தது!

சரக்கு எப்படி எல்லை தாண்டும் என்பதுதான் அந்த அம்மாவின் பயம். கென்யா, தான்சானியா, உகாண்டா முதலிய நாடுகளின் கூட்டமைப்பான கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்துக்குள், இந்தப் பகுதியிலேயே விளைந்த, தயாரான பொருள் 2,000 டாலருக்குள் இருந்தால், பட்டியலில் உள்ளவற்றுக்கு எல்லையிலேயே எளிய மூலச் சான்றிதழ் (பொருள் எந்த நாட்டில் உருவானது என்று காட்டுவது) கொடுப்பார்கள், சுங்க வரி கிடையாது. மீன் என்பதால் சுகாதாரச் சான்றிதழ் தனி. இதையெல்லாம் அவருக்கு விளக்கியது அதே மைதானத்தில் இருந்த வரித்துறை ஸ்டால்தான். இது தெரியாததால் எத்தனையோ சிறு வியாபாரிகள் தரகருக்குப் பணம் அழுகிறார்கள், இல்லாவிட்டால் குறுக்கு வழியில் சுமந்துபோய் மாட்டிக்கொள்கிறார்கள். அவருடைய சரக்கு சிராரி–இசெபானியா என்ற தான்சானியா–கென்யா எல்லைச் சாவடி வழியாக முறையாகப் போனது, பணம் போனிலேயே பணம் அனுப்பும் எம்-பெசாவில் வந்தது. இன்றைக்கு எங்கள் சிறிய மெஷின் ஒன்று அவர் வீட்டில் ஓடுகிறது.

ஒரு மீன் மூட்டையை வைத்துக் கண்டத்துக்கே தீர்ப்பு சொல்கிறாயா என்று கமெண்டில் கேட்பீர்கள். சொல்லவில்லை. ஆப்பிரிக்க நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் வணிகம் அவற்றின் மொத்த வணிகத்தில் சுமார் 15 சதவீதம்தான், அதைக் கண்காட்சி மட்டும் தூக்கி நிறுத்தாது. 2019 பிப்ரவரியில் ருவாண்டா கத்துனா எல்லையை மூடியதும் உகாண்டாவோடு இருந்த வணிகம் கிட்டத்தட்ட படுத்தேவிட்டது, 2022 ஜனவரி 31 வரை நிலையாகத் திறக்கவில்லை. 2021 மார்ச்சில் கென்யா பூஞ்சை நச்சைக் காரணம் காட்டித் தான்சானிய, உகாண்டா மக்காச்சோளத்தைத் திடீரென்று தடுத்தது. சில நாளில் நிபந்தனையோடு தளர்த்தினார்கள், ஆனால் அதற்குள் எல்லையில் நின்ற லாரிக்காரர் கதி? இதை எந்த ஸ்டாலும் சரிசெய்யாது. கெய்ரோ, டர்பன், அல்ஜியர்ஸ் என்று நடந்த ஆப்பிரிக்கா அளவிலான பெரிய கண்காட்சிகளையும் நான் குறை சொல்லவில்லை, வங்கியும் பெரிய கம்பெனியும் பேச அதுவும் வேண்டும். ஆனால் 1999 முதல் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் மாறி மாறி நடக்கும் ஜுவா காலி கைத்தொழில் கண்காட்சி மாதிரி, சிறு ஆட்கள் பக்கத்து நாட்டுக்குத் தன் பொருளோடு போய் நிற்கும் இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லியாக வேண்டும். என் தங்கைக்கு வரன் பார்த்தபோது "அண்ணன் ஆப்பிரிக்காவிலா? ஏன், துபாயில் வேலை கிடைக்கவில்லையா?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். எந்த நாடு, என்ன வேலை என்றுகூடக் கேட்கவில்லை. எனக்குச் சோறு போடும் ஊரை இப்படிப் பேசினால் இன்றும் கோபம் வருகிறது.

சரி, உங்கள் கம்பெனி உங்களை இங்கே ஸ்டால் போட அனுப்புவதாக இருந்தால், ஜூலை 7-க்கு முன்பே வந்துவிடுங்கள். அன்று பொது விடுமுறை, ஊரே குடும்பத்தோடு வரும், வியாபாரம் பேசவே முடியாது. அதற்கு முந்தைய வார நாட்களில் காலை வேளைதான் தோது. ஸ்வாஹிலி பேசும் ஓர் ஆளை முன்னால் நிறுத்துங்கள், விலைப்பட்டியலைத் தான்சானிய ஷில்லிங்கிலும் கென்ய ஷில்லிங்கிலும் அச்சடித்து வையுங்கள்.