ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு சப்ளையர் வைத்துக்கொண்டால் இறக்குமதித் தடங்கல்களைச் சமாளித்துவிடலாமா?

போதாது. இரண்டு சப்ளையரும் மூலப்பொருளை ஒரே ஆலையிலிருந்து எடுத்தால், ஒரே கிணற்றில் இரண்டு குடம் விட்ட கதைதான்.

வாகன பாகங்கள் செய்யும் நிறுவனத்தில் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறேன். செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கிய 2023 கடைசியிலிருந்து இந்தக் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்தால் பத்துப் பதினைந்து நாள் தள்ளிப்போகும், வாடகையும் ஏறும். அதைக் கொஞ்சம் முன்கூட்டியே ஆர்டர் போட்டுச் சமாளித்துவிடலாம். உண்மையான ஆபத்து, நம் சப்ளையர் பட்டியலிலேயே இல்லாத ஏதோ ஓர் ஆலையில் இருக்கிறது.

2012 மார்ச் 31 அன்று ஜெர்மனியின் மார்ல் நகரில் எவோனிக் நிறுவனத்தின் ஆலையில் வெடி விபத்து நடந்தது. இரண்டு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அங்கே தயாரானது சிடிடி என்ற வேதிப்பொருள். அதிலிருந்து நைலான் 12 என்ற பிளாஸ்டிக். நைலான் 12இலிருந்து கார்களின் எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும். கார் நிறுவனங்கள் குழாயை வெவ்வேறு இடங்களில்தான் வாங்கிக்கொண்டிருந்தன. ஆனால் நைலான் 12 செய்யும் வேறு சில நிறுவனங்களுக்கும் சிடிடி போனது மார்லிலிருந்துதான். மூன்று வாரம் ஆவதற்குள், டெட்ராய்ட் அருகே, ஒன்றோடொன்று போட்டி போடும் கார் நிறுவனங்களும் அவற்றின் சப்ளையர்களும் ஒரே அறையில் கூட வேண்டி வந்தது. மாற்றுப் பிளாஸ்டிக் கிடைக்கவில்லை என்பதல்ல அங்கே பிரச்சினை. அதைச் சோதித்து ஒப்புதல் கொடுக்க மாதக்கணக்கில் ஆகும். அதை எப்படிச் சுருக்குவது என்பதுதான் பேச்சே.

இதனால்தான் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கும் மோல்டிங் சப்ளையர் ஒருவரின் ஷெட்டுக்குப் போனால், மெஷினுக்குள் மூலப்பொருளைக் கொட்டும் ஹாப்பர் பக்கத்தில் அடுக்கியிருக்கும் 25 கிலோ பிளாஸ்டிக் மூட்டைகளிடம் முதலில் போவேன். லேபிளில் யார் தயாரிப்பு, எந்த கிரேடு (ரகம்), எந்த நாடு என்று இருக்கும். அடுத்த சப்ளையரிடமும் அதே லேபிள் இருந்தால், அந்தப் பாகத்துக்கு எதிரே என் ஷீட்டில் ‘ஒரே மூலம்’ என்று எழுதிவிடுவேன். கோட்டேஷனில் இரண்டு பெயர் இருப்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை. மாற்று கிரேடில் சாம்பிள் அடித்து, டெஸ்ட் முடித்து, வாடிக்கையாளர் ஒப்புதலையும் எல்லாம் சுமுகமாக ஓடும்போதே வாங்கி வைத்துவிட வேண்டும். தட்டுப்பாடு வந்தபின் சோதனைக் கூடத்தில் இடம் கிடைக்காது, எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள்.

எந்தப் பாகத்தில் தொடங்குவது? வழக்கமாக அதிகம் செலவாகும் பாகத்தைத்தான் கவனிப்போம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இல்லாமல் போனால் உற்பத்தி லைன் நிற்கும் பாகம் எது, அதற்கு மாற்று கொண்டுவர எத்தனை நாள் ஆகும் என்று வரிசைப்படுத்துங்கள். 2011இல் ஜப்பான் நிலநடுக்கத்தில் ஃபுகுஷிமா மாகாணத்து ஒனஹாமாவில் மெர்க் நிறுவனத்தின் ஆலை நின்றது. கார் பெயின்டுக்குப் பளபளப்பு தரும் ஜிராலிக் என்ற நிறமி அப்போது உலகத்திலேயே அங்கே மட்டும்தான் தயாரானது. ஒரு காருக்கு அது எவ்வளவு செலவாகிவிடும்? ஆனாலும் ஃபோர்டு சில கறுப்பு, சிவப்பு நிறங்களுக்கு ஆர்டர் எடுப்பதைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது.

ஸ்டாக் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாவற்றையும் குவித்து வைக்கச் சொல்லவில்லை, பணம் முடங்கும். தேவைப்படும் நேரத்தில் மட்டும் பாகங்களை வரவழைக்கும் ஜஸ்ட்-இன்-டைம் முறைக்குப் பெயர்போன டொயோட்டாவே 2011க்குப் பிறகு சிப்புகளுக்கு மட்டும் விதியை மாற்றி, ஆர்டர் போட்டுச் சரக்கு வந்துசேர ஆகும் காலத்தைப் பொறுத்து இரண்டு முதல் ஆறு மாதத்துக்கான ஸ்டாக்கை வைத்திருக்கச் சப்ளையர்களிடம் சொன்னது. 2021 தொடக்கத்தில் மற்ற நிறுவனங்கள் உற்பத்தியைக் குறைத்தபோது அது பெரும்பாலும் தாக்குப்பிடித்தது. தென்கிழக்காசியாவில் கொரோனா ஆலைகளை மூடவைத்ததும், அந்த ஆண்டு செப்டம்பரில் அதுவும் உலகளவில் திட்டமிட்டதில் 40 சதவீதத்தைக் குறைத்தது. ஸ்டாக் வாங்கித் தருவது அவகாசம். அந்த அவகாசத்தில் ஓட்டிப் பார்க்க மாற்று ஏற்பாடு கையில் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்தாலும், சப்ளையருக்குப் பணம் இழுத்தடிக்கும் நிறுவனத்தைக் காப்பாற்ற முடியாது. நேரத்துக்குப் பணம் தருவதை மேலிடத்தில் யாரும் கொள்முதல் உத்தியாகவே பார்ப்பதில்லை என்பதுதான் என் பெரிய ஆதங்கம். குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆனாலும் பல இடங்களில் பில் டேபிளிலேயே தூங்குகிறது. மூலப்பொருள் பத்து டன் கேட்ட இடத்தில் மூன்று டன்தான் வந்திருக்கிறது என்றால், சின்ன மோல்டிங் ஷெட் வைத்திருப்பவர் அதை யாருக்கு ஓட்டுவார்? வருஷா வருஷம் ரேட்டைக் குறைக்கச் சொல்லிவிட்டு, தொண்ணூறு நாள் கழித்துக் காசு தருபவருக்கா? உங்கள் அக்கவுன்ட்ஸ் பிரிவில் உட்கார்ந்து, லைனை நிறுத்தக்கூடிய சப்ளையர்களின் நிலுவை பில்களை மட்டும் முதலில் எடுத்துப் பாருங்கள்.