சோங்கிங்கில் முதல் தடவை: கேள்வி பதில்

சீனாவின் சோங்கிங் நகரத்துக்குப் புதிதாகப் போகிறவர்கள் கேட்டவை. மெட்ரோ, சாப்பாடு, வழி, பணம் எதுவானாலும் கேளுங்கள். விசாவைத் தூதரகத்திடம் கேளுங்கள்.

செல்வம்: கடை வாசலில் நிற்பதாக கூகுள் மேப் காட்டுகிறது. எதிரே வெறும் சுவர். என்ன கோளாறு?

இரண்டு கோளாறு. சீன வரைபடங்கள் ஜிசிஜே-02 என்ற தனி முறையில் வரையப்படுகின்றன. ஜிபிஎஸ் புள்ளியை வேண்டுமென்றே சில நூறு மீட்டர் தள்ளிவைக்கும் முறை அது. கூகுள் இதனோடு சரியாகப் பொருந்தாது, தகவலும் பழசு. அமேப் என்ற சீன வரைபட ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆங்கிலத்திலும் கிடைக்கிறது.

அடுத்தது இந்த ஊருக்கே உரியது. புள்ளி சரியாக இருக்கும், உயரம் தப்பாக இருக்கும். ஹோங்யாதோங் என்ற மலைச்சரிவுக் கட்டடத்தில் ஆற்றோரச் சாலையிலிருந்து நுழைந்தால் 1-வது மாடி. லிஃப்டில் 11-க்குப் போய் வெளியே வந்தால் அங்கேயும் ஒரு சாலை, கார் ஓடுகிறது. குய்சிங்லோ சதுக்கம் தரைதானே என்று கைப்பிடிச் சுவரை எட்டிப் பார்த்தால் காலுக்குக் கீழே இருபது மாடிக்கு மேல் இறங்குகிறது. அதனால் முகவரி வாங்கும்போதே எந்த மாடி, எந்தச் சாலைப் பக்கம் என்று கேட்டுவிடுங்கள். நம் கிரவுண்ட் ஃப்ளோர் அங்கே 1 என்பதும் நினைவிருக்கட்டும்.

ஆப்பில் கூப்பிடும் டிடி டாக்சியிலும் இதே வம்பு. நீங்கள் மேல் சாலையில், கார் கீழ்ச் சாலையில், திரையில் இரண்டும் ஒரே இடம். மெட்ரோ வாசல் எண்ணைப் பிக்கப் இடமாக வையுங்கள்.

மீனா: விசா கார்டு செல்லுமா? யூபிஐ?

யூபிஐ மறந்துவிடுங்கள். அலிபே என்ற சீனப் பண ஆப்பில் விசா, மாஸ்டர்கார்டு சேர்க்கலாம்; பாஸ்போர்ட் சரிபார்ப்பை முதல் நாளே முடித்துவிடுங்கள். ஒரு பில் 200 யுவானுக்குள் இருந்தால் கட்டணமில்லை, தாண்டினால் 3 சதவீதம். மெட்ரோ க்யூஆர் கோடும் அதிலேயே வரும், ஊரை சோங்கிங் என்று மாற்றிக்கொண்டால் போதும். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் கவனிக்க: அலிபே, வீசாட் இரண்டையும் இந்தியா 2020-ல் தடை செய்தது, அதனால் இந்திய ஆப் ஸ்டோரில் கிடைக்காமல் போகலாம். கையில் ரொக்கம் இருக்கட்டும், சில்லறையாக.

பரிமளா: சுத்த சைவம். ஹாட்பாட்டில் (மேசையிலேயே கொதிக்கும் குழம்புச் சட்டி) ஒன்பது கட்டம் இருக்கிறதே, ஒரு கட்டத்தை எனக்கென்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. அந்தத் தடுப்புக்கு அடியில் மூடலே இல்லை. குழம்பு எல்லாக் கட்டத்துக்கும் ஒன்றுதான். நடுக்கட்டம் தளதளவென்று கொதிக்கும், ஓரம் மெதுவாக வேகும். கட்டம் சூட்டுக்காகத்தான், ருசியைப் பிரிக்க அல்ல.

அதைவிடப் பெரிய சங்கதி குழம்பே. சிவப்புக் கட்டியாகச் சட்டியில் கிடந்து, அடுப்பு பற்றியதும் உருகிப் பரவுவது மாட்டுக் கொழுப்பு. பாதிப் பாதியாகப் பிரித்த சட்டி வாங்கினாலும் வெள்ளைப் பக்கம் பெரும்பாலும் எலும்பு சூப். தனிச் சட்டி, தாவர எண்ணெய், தக்காளி அல்லது காளான் குழம்பு என்று மூன்றையும் மொழிபெயர்ப்பு ஆப்பில் எழுதிக் காட்டுங்கள். தொட்டுக்கொள்ளும் நல்லெண்ணெய், பூண்டு சரி. பக்கத்தில் இருக்கும் கெட்டியான பழுப்பு சாஸ் சிப்பியில் செய்தது. காலை நூடுல்ஸ் கிண்ணத்தின் அடியில் ஒரு கரண்டி பன்றிக் கொழுப்பு இருக்கும், "இறைச்சி வேண்டாம்" என்றால் அது போகாது. புத்தக் கோயில் உணவகம் நிம்மதி. வெங்காயம், பூண்டுகூட இருக்காது.

ராஜன்: உலகத்தின் மிகப் பெரிய நகரம் இதுதானே? 3.2 கோடிப் பேர்!

அந்த எண்ணிக்கை நகரத்துக்கு உரியதல்ல. 1997-ல் சிச்சுவானிலிருந்து பிரித்து, மத்திய அரசின் நேரடி மாநகராட்சியாக்கிய பகுதி முழுவதற்கும் உரியது. பரப்பு சுமார் 82,400 சதுர கிலோமீட்டர், இலங்கையைவிடப் பெரிது. மலை, வயல், கிராமம் எல்லாம் அதற்குள்.

ராஜன்: அரசே நகரம் என்கிறதே. நீங்கள் யார் மறுக்க?

நிர்வாகப் பெயரை மறுக்கவில்லை. அதை வைத்துப் பயணத்திட்டம் போடாதீர்கள் என்கிறேன். ஊலோங் மலைப் பள்ளத்தாக்கும் தாசூ பாறைச் சிற்பங்களும் "சோங்கிங்கில்தானே" என்று ஒரே மதியத்தில் இரண்டையும் எழுதி வைக்கிறவர்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு நாள் வேண்டும், இரண்டும் வேறு வேறு திசை.

கார்த்தி: ராஜன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சென்னைக்கும் எல்லை விரித்துத்தானே கணக்கு?

சென்னை எல்லையை விரித்தபோது நெல்வயலும் பள்ளத்தாக்குமாக ஒரு மாநிலத்தையே சேர்க்கவில்லை. வழக்கு முடிந்தது.

ஜெயா: ரூபே கார்டு?

மீனாவுக்குச் சொன்னதைப் படியுங்கள், அங்கே சொன்னவை விசா, மாஸ்டர்கார்டு.

அன்வர்: லிட்சிபா மெட்ரோ நிலையத்தில் ரயில் கட்டடத்தைத் துளைத்துப் போகிறதாமே, எங்கே நின்று படம் எடுப்பது?

துளைக்கவில்லை. 19 மாடிக் கட்டடமும் 2-வது தட நிலையமும் சேர்த்தே திட்டமிடப்பட்டவை. நிலையத்தின் தூண்கள் தனி. ஓடுவது ரப்பர் சக்கர மோனோரயில், அதனால் அதிர்வு குறைவு. நிலையத்துக்குள் நின்றால் படம் வராது. வெளியே வந்து கீழ்ச் சாலையோரப் பார்வை மேடைக்கு இறங்குங்கள். கீழ்ச் சாலை. மறுபடியும் மாடிதான்.

லதா: வாட்ஸ்அப்?

ஹோட்டல் வைஃபையில் வராது. உங்கள் ஊர் சிம்மின் ரோமிங்கில் வரும்.

சுரேஷ்: அலிபேயில் என் கார்டு…

மேலே.

தேவகி: யாங்சி கேபிள் கார் வரிசை நீளமாமே, விட்டுவிடலாமா?

1987-ல் ஊர்க்காரர்கள் ஆற்றைக் கடக்கத் திறந்தது. இப்போது வரிசையில் நிற்பது பெரும்பாலும் சுற்றுலாக்காரர்கள். சில நிமிடப் பயணத்துக்கு விடுமுறை நாளில் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். 6-வது தட மெட்ரோவில் சியாவ்ஷிட்சியிலிருந்து ஷாங்சின்ஜியே ஒரே நிறுத்தம். 2 யுவானில் அதே ஆறு, துங்ஷுயிமென் பாலத்தின் கீழ்த்தளத்தில். திரும்பும்போது மேல்தளத்து நடைபாதையில் நடந்தே வரலாம். ஜூலை, ஆகஸ்டில் வேண்டாம், வெயில் 40 டிகிரியைத் தொடும்.